எட்டு வினாடிக் குரல்

இசக்கியம்மாள் போட்ட முதல் பாட்டுக்கு நாற்பது பேர் வந்தார்கள். நாற்பது பேரும் அசையாமல் நின்றார்கள்.

கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் மூடிக்கிடந்த பழைய நூற்பாலை ஒன்றின் கூடம் அது. புது ஒலிச்சட்டம் வந்தபிறகு பொழுது சாய்ந்தால் ஸ்பீக்கர் வைக்கக் கூடாது. ஆகவே அந்த ஊரில் ரேவ் என்கிற ஆட்டக் கொண்டாட்டம் பகலில்தான். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, வீட்டில் இட்லி சாப்பிட்ட கையோடு ஜனங்கள் ஆட வருவார்கள். உடைந்த கண்ணாடிக் கூரை வழியாக வெயில் பட்டை பட்டையாக இறங்கும். பேஸ் என்கிற அடித்தொனி அதிர்ந்தால் அறுபது வருடப் பஞ்சுத்தூசி எழுந்து அந்த வெயிலில் ஆடும். அன்றைக்குத் தூசி மட்டும்தான் ஆடியது.

இசக்கிக்கு வயது இருபத்தேழு. சொந்த ஊர் அம்பாசமுத்திரம். வாரத்தில் ஆறு நாள் காந்திபுரத்துக் கடை ஒன்றில் காதுக்கருவிகளைச் சரிசெய்வாள். ஏழாவது நாள் பாட்டு. அவளுடைய கூட்டாளி ரியாஸ் உக்கடத்துக்காரன். கல்யாணங்களுக்கு ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவன்.

"என்ன ரியாஸ், ஒருத்தரும் அசையலையே?" என்றாள் இசக்கி, கூட்டம் கலைந்தபிறகு.

"நீ எதை வெட்டி ஒட்டியிருக்கே?"

"குட்டிவானம். சின்னப்பிள்ளையில எல்லாரும் பாத்ததுதானே?"

"எல்லாரும் குட்டிவானம் பாத்தோம். ஒரே குட்டிவானத்தையா பாத்தோம்?" என்றான் ரியாஸ். "உன்னோட நீர்நாயும் அது போடற பாட்டும் உனக்குத்தான் தெரியும். எனக்கு வந்தது ஒரு தையல் மெஷின். ராத்திரியெல்லாம் ஊர் சுத்தும். அதைச் சொன்னா நீ சிரிப்பியா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவர் கதை இன்னொருவரைத் தொடாது என்றுதான் அவன் சொன்னான்.

குட்டிவானம், இருபத்து மூன்று வருடங்களுக்கு முன்னால் தொடங்கிய பிள்ளைகள் டிவி. எல்லாருக்கும் ஒரே கதையைக் காட்டுகிற பழைய டிவி இல்லை. பிள்ளையின் பெயர், தெரு, பயம், பிடித்த தின்பண்டம் எல்லாம் தெரிந்துகொண்டு, அந்த ஒரு பிள்ளைக்கென்றே ஒரு கதையை இயந்திரம் அப்போதைக்கப்போது உண்டாக்கித் தரும். ஒருவர் கதை இன்னொருவருக்குக் குறுக்கே வரக் கூடாது என்பதால் ஹெட்செட் மாட்டித்தான் பார்க்க வேண்டும். பெற்றோர் கொண்டாடினார்கள். பிள்ளை அழாது, அடம் பிடிக்காது, பக்கத்தில் இருக்கிற பிள்ளையோடு சண்டை போடாது. ஆறு வருடம் தமிழ்நாட்டில் முக்கால்வாசிப் பிள்ளைகள் அதில்தான் வளர்ந்தார்கள். பிறகு நிறுவனம் அதை நிறுத்தியது, கதைகளை அழித்துவிட்டது.

அதன் விலை பிள்ளைகள் வளர்ந்தபிறகுதான் தெரிந்தது. இசக்கியும் அவள் அண்ணன் சுடலைமுத்துவும் ஒரே கட்டிலில் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து பார்த்தவர்கள். அவளுக்கு நீர்நாய், அவனுக்கு எண்ணத் தெரிந்த காகம். இருபது வருடத்தில் இருவரும் ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து சிரித்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. கல்லூரி விடுதியிலும் அப்படித்தான். முந்தைய தலைமுறைக்காரர்கள் எங்காவது சந்தித்தால் ஏதோ ஒரு பழைய விளம்பரப் பாட்டை எடுத்துவிடுவார்கள், முன்பின் தெரியாதவனும் அடுத்த வரியைப் பாடுவான். இவர்கள் சந்தித்தால் வானிலையைப் பேசுவார்கள்.

"அப்ப எல்லாரோடதையும் சேத்துப் போடுதேன்" என்றாள் இசக்கி.

அதற்கு வழி இருந்தது. பழைய ஹெட்செட்டுகளின் நினைவகத்தில் கடைசியாகப் பார்த்த கதைகள் இன்னும் தங்கியிருந்தன. ஒரு பிள்ளைக்கென்று செய்த கதை அந்தப் பிள்ளைக்கே சொந்தம் என்று நீதிமன்றமும் சொல்லியிருந்தது. பரணிலிருந்து, பழைய இரும்புக்கடையிலிருந்து, அம்மாக்களின் பீரோவிலிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டு ஹெட்செட்டுகள் வந்து சேர்ந்தன. நான்கு மாதம் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் திறந்து, வெட்டி, கோத்தாள்.

இரண்டாவது தடவை நூற்றைம்பது பேர் வந்தார்கள். இந்தத் தடவை இன்னும் மோசம். தன் துண்டு எப்போது வரும் என்று ஒவ்வொருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள், ரேஷன் கடையில் பேர் கூப்பிடக் காத்திருக்கிற மாதிரி. வந்தால் அந்த ஒருவர் மட்டும் அரை வினாடி குதிப்பார். பக்கத்திலிருப்பவர் முறைப்பார். தன் துண்டு வரவே இல்லை என்று ஒரு பெண் இசக்கியிடம் அழுதுவிட்டுப் போனாள்.

"விட்டுரு இசக்கி" என்றான் ரியாஸ். "நமக்குப் பொதுவா ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான்."

மறுநாள் மதியம், கடையில் சாப்பாட்டு நேரத்தில், கணினியில் இடம் போதவில்லை என்று இசக்கி வேண்டாததையெல்லாம் அழிக்க உட்கார்ந்தாள். ஒவ்வொரு கதையின் தொடக்கத்திலும் எட்டு வினாடி வீணாகப் போகும். அதைக் கேட்காமலே வெட்டி 'குப்பை' என்று பேர் போட்ட ஒரு கோப்புறையில் தள்ளி வைப்பது அவள் வழக்கம். அந்தக் கோப்புறையைத் தொட்டதும் கணினி கேட்டது: இதில் ஒரே ஒலி முந்நூற்றுப் பன்னிரண்டு முறை இருக்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கட்டுமா?

கையில் தயிர்சாதத்தோடு அவள் அந்த வரியை மூன்று தடவை படித்தாள். பிறகு ஒலியை ஓடவிட்டாள்.

முதலில் ஒரு பெண் குரல், லேசாக மூச்சு வாங்க: "இரு கண்ணு, வந்தர்றேன்." அப்புறம் வாய்க்குள் ஒரு சின்னச் சிரிப்பு. அப்புறம் மின்விசிறி இரைச்சல். கடைசியில் ஒரு மணி. அவ்வளவுதான்.

நிமிர்ந்தபோது, ஸ்பீக்கர் வயரைத் தோளில் போட்டுக்கொண்டு ரியாஸ் கடை வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தான். வயரைக் கீழே போட்டான். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஏன் உட்கார்ந்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. இசக்கி தன் கால்களைப் பார்த்தாள். அவளும் நாற்காலியில் சம்மணம் போட்டிருந்தாள்.

"இது கதையே கிடையாதே" என்றான் அவன், மெதுவாக.

"கதை வாரதுக்கு முந்தி வாரது. மெஷினுக்குக் கதை செய்ய எட்டு செகண்ட் ஆகும்லா? அதுவரைக்கும் நம்மள உக்காத்தி வைக்கதுக்கு."

"எல்லாருக்குமா?"

"முந்நூத்திப் பன்னெண்டு பேருக்கும்."

ரியாஸ் எழுந்து வந்து அந்த ஒலியை மறுபடி ஓடவிட்டான். "ஒவ்வொரு நாளும் கேட்டிருக்கேன். ஒரு நாளும் ஞாபகம் வந்ததில்ல" என்றான்.

அந்தக் குரலை நடுவில் வைத்து இசக்கி பாட்டை முழுக்கத் திரும்பக் கட்டினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு துண்டுகளும் மாடிப்படி மாதிரி ஏறிக்கொண்டே போகும், உச்சியில் எல்லாம் நிற்கும், அந்தக் குரல் வரும், மணி அடிக்கும், அப்புறம் பேஸ் இடியாக இறங்கும். முதலில் போட்டுக் காட்டிய நான்கு நண்பர்களும் எழுந்து நின்றுவிட்டார்கள். பாட்டை அனுமதிக்காக உரிமைப் பதிவகத்துக்கு அனுப்பிய ஐந்தாவது நாள், குட்டிவானம் நிறுவனத்திலிருந்து போன் வந்தது.

பேசியவர் பெயர் சுதர்சன். குரலில் கோபம் இல்லை. "மேடம், உங்க பாட்ட எங்க பதிவேடு கண்டுபிடிச்சிருச்சு. மத்த துண்டெல்லாம் அந்தந்த ஆளுங்களுக்குச் சொந்தம். அந்த எட்டு வினாடி மட்டும் எங்களோடது. இயந்திரக் குரல்னு பதிவாயிருக்கு."

"எங்களுக்குன்னு தனித்தனியாச் செஞ்சது எங்களுக்கு. எல்லாருக்கும் பொதுவா இருந்த ஒண்ணே ஒண்ணு உங்களுக்கு. அப்படித்தானே?"

"சட்டம் அப்படித்தான் இருக்கு மேடம். வாடகை ஸ்பீக்கர் எல்லாத்துலயும் காவல் சிப் இருக்கு. உங்க பாட்டு ஓடும். அந்த இடம் வந்தா ஊமையாயிரும்."

"சார், நீங்க குட்டிவானம் பாத்து வளந்தவங்களா?"

"எனக்கு வந்தது ஒரு ரயில்" என்று சொல்லிவிட்டு, அவசரமாக வைத்துவிட்டார்.

இசக்கி அந்த எட்டு வினாடியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். திடீரென்று ரியாஸின் கையைப் பிடித்தாள்.

"இது மெஷின் இல்ல. மெஷின் நியூஸ் வாசிக்க மாதிரில்லா பேசும்? நீர்நாய் கூட 'இதோ வந்துவிட்டேன்'னுதான் சொல்லும். நாலு வயசுல நான் 'வந்தர்றேன்'னு சொன்னதுக்கு எங்கம்மை, எங்கெருந்துட்டி இந்தக் கோயம்புத்தூர்ப் பேச்சுன்னு சிரிச்சா. மெஷினுக்கு இந்த வார்த்தை யாரு சொல்லிக் குடுத்தா? இது ஒரு பொம்பள. உங்க ஊர்ப் பொம்பள."

காதுக்கருவிக் கடையில் இரைச்சலைப் பிரிக்கிற மென்பொருள் இருந்தது. மின்விசிறிச் சத்தத்தை உரித்தெடுத்தபோது, அதற்கு அடியில், தூரத்தில் யாரோ ஒரு ஆண் கூப்பிடுவது கேட்டது: "தங்கமணியக்கா, டீ ஆறுது!"

பீளமேட்டில் அந்த நிறுவனத்தின் பழைய அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களைத் தேடி ரியாஸ் மூன்று நாள் போன் போட்டான். தங்கமணி என்று ஒருத்தர் ஒலிப்பிரிவில் மூன்று மாதம் இருந்ததாகவும், கோபிச்செட்டிபாளையத்துக்காரர் என்றும் தெரிந்தது. இருவரும் பஸ் ஏறினார்கள். ஆனால் வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. கோபி பஸ் நிலையத்தில் இறங்கியதுமே ஒலிபெருக்கியில் கேட்டது: "சத்தி போறவங்க மூணாவது ரேக்குக்கு வாங்க. ஓடாதீங்க கண்ணு, பஸ்ஸு நிக்கும்."

இசக்கிக்கு மயிர்க்கூச்செறிந்தது. ரியாஸ் அப்படியே நடைமேடையில் நின்றுவிட்டான்.

நேரக்காப்பாளர் அறையில் இருந்த தங்கமணிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, இசக்கி நீட்டிய போனில் அந்த எட்டு வினாடியைக் கேட்டார். முதலில் சிரித்தார்.

"அட, இது எங்கெருந்துங்க கெடைச்சுது? மைக்கு டெஸ்டிங்குக்கு எடுத்ததுங்க. அடுத்த வாரம் நல்ல குரல் வெச்சு எடுத்துக்கறோம்னாங்க. நான் அதுக்குள்ள வேலைய வுட்டுட்டேன்."

"வேற எடுக்கவே இல்லீங்கக்கா" என்றான் ரியாஸ். "ஆறு வருசம் இதுதான் ஓடுச்சு. தெனம். எங்க எல்லாத்துக்கும்."

"எல்லாத்துக்கும்னா?"

"நாப்பது லச்சம் பிள்ளைகளுக்கு" என்றாள் இசக்கி.

தங்கமணியின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. மேசையில் இருந்த பஸ் சீட்டுகளை ஒழுங்காக அடுக்கினார். மறுபடி கலைத்து அடுக்கினார். "குட்டிவானத்துலயா?" என்று கேட்டார். "பிள்ளைங்க காதுல மாட்டிட்டுப் பாப்பாங்களே, அதுலயா?" ஆமாம் என்றான் ரியாஸ். அவர் சன்னல் வழியே ஒரு பஸ் பின்னோக்கி வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

உரிமைப் பதிவகத்தில் அவர் தன் குரலைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் தீர்ப்புக்குத் தொண்ணூறு நாள் ஆகும். நூற்பாலைக்கு அனுமதியோ வருகிற ஞாயிறோடு முடிகிறது. அதற்கப்புறம் கட்டடத்தை இடிக்கிறார்கள்.

"பதிவு பண்ணதத்தானே தடுப்பாங்க?" என்றான் ரியாஸ். "அக்கா நேரா வந்து மைக்குல சொல்லட்டும். உயிரோட இருக்கற தொண்டைய எந்தச் சிப்பு தடுக்கும்?"

தங்கமணி கண்ணாடியைக் கீழே இறக்கினார். "ஞாயித்துக்கெழம எனக்கு லீவுதானுங்க. வர்றேன்."

செய்தி எப்படிப் பரவியது என்று இசக்கிக்கு இன்றுவரை தெரியாது. 'கதைக்கு முந்தி வருமே, அந்தக் குரலைக் கண்டுபிடித்துவிட்டார்கள்' என்ற ஒரு வரி ஊர் ஊராகப் போயிருந்தது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கே திருச்சியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். நான்காயிரம் பேர். கூடத்தில் இடமில்லாமல் பாதிப் பேர் வெளியே வேப்பமரங்களுக்குக் கீழே நின்றார்கள். எல்லாரும் அவள் வயதுக்காரர்கள். எல்லாரும் ஒருவரை ஒருவர் கொஞ்சம் வெட்கத்தோடு பார்த்துக்கொண்டார்கள்.

பதினொரு மணிக்கு இசக்கி தொடங்கினாள். நீர்நாய் பாடியது, தையல் இயந்திரம் தடதடத்தது, காகம் எண்ணியது. முந்நூற்றுப் பன்னிரண்டு குழந்தைப்பருவங்கள் ஒன்றின் தோளில் ஒன்று கால் வைத்து ஏறின. உச்சிக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஒரே வெட்டாக நிறுத்தினாள். மேடையில் தங்கமணி மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோனார்.

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

இசக்கி மைக்கின் விளக்கைப் பார்த்தாள். எரிந்துகொண்டுதான் இருந்தது. ரியாஸ் ஸ்பீக்கருக்கு ஓடினான். அதன் நெற்றியில் சிவப்புப் புள்ளி ஒன்று மின்னியது. காவல் சிப் அந்தத் தொண்டையை அடையாளம் கண்டுகொண்டது. பதிவேட்டில் இருக்கும் ஒரு சொத்தை யாரோ திருடுகிறார்கள் என்று அதற்குத் தோன்றியிருக்கிறது.

தங்கமணி இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். மறுபடியும் ஊமை. அத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் கூடத்தில், தன் குரல் தனக்கு முன்னாலேயே காணாமல் போவதைப் பார்த்தார் அவர். பாட்டை நிறுத்திவிட்டு மன்னிப்புக் கேட்கலாமா என்று இசக்கி நினைத்தாள்.

தங்கமணி மைக்கைக் கீழே வைத்தார். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். முப்பது பஸ் இரைகிற இடத்தில் மைக் பழுதான நாட்களில் கூப்பிடுவாரே, அந்த மாதிரி அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டார்.

"இரு கண்ணு, வந்தர்றேன்!"

முன்வரிசைக்காரர்களுக்குக் கேட்டது. அவர்கள் முகம் மாறியதை இசக்கி பார்த்தாள். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. "என்ன சொன்னாங்க?" என்று யாரோ கேட்க, முன்னால் இருந்த ஒரு தாடிக்காரன் திரும்பி அதையே சொன்னான். அவனுக்குப் பின்னால் இருந்தவள் தனக்குப் பின்னால் இருந்தவனுக்குச் சொன்னாள். அப்படியே அந்த வார்த்தை கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, வேப்பமரங்கள் வரைக்கும் போனது. போய்ச் சேர்ந்ததும் நான்காயிரம் பேரும் ஒன்றாகத் திருப்பிச் சொன்னார்கள். நெல்லைக்காரனும் சொன்னான், சென்னைக்காரியும் சொன்னாள், அவர்கள் ஊரில் யாரும் பேசாத அந்தப் பேச்சில்.

எந்தப் பதிவேட்டிலும் அந்தக் கூட்டுக்குரல் இல்லை. காவல் சிப்புகள் தடுக்க ஒன்றும் கிடைக்காமல் சும்மா இருந்தன. ரியாஸ் எங்கோ கிடந்த இரும்புத் தண்டவாளத் துண்டை எடுத்து இரும்புத்தூணில் அடித்தான், மணிக்குப் பதிலாக. இசக்கி பேஸை இறக்கினாள்.

அப்படி ஓர் ஆட்டத்தை அந்தக் கட்டடம் கண்டதில்லை. கூரையில் மிச்சமிருந்த கண்ணாடி அதிர்ந்தது. முன்பின் தெரியாதவர்கள் தோளில் கைபோட்டுக் குதித்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, "உனக்குமா? உனக்குமா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். பாட்டு முடிந்ததும் மறுபடி கேட்டார்கள். அன்று அதை ஒன்பது முறை போட்டாள் இசக்கி. ஒன்பது முறையும் அந்த எட்டு வினாடியை அவர்களே சொன்னார்கள். அந்தக் கூட்டத்தின் குரலோடுதான் பாட்டு வெளியே வந்தது. அடுத்த மாதம் தமிழ்நாட்டில் அது ஒலிக்காத டீக்கடை இல்லை. தொண்ணூறு நாளுக்குப் பிறகு பதிவகம், 'இயந்திரக் குரல்' என்ற இடத்தை அடித்துவிட்டு, 'ப. தங்கமணி, கோபி' என்று எழுதியது.

ஆனால் யாராவது அந்த நாளைப் பற்றிக் கேட்டால் இசக்கி சொல்வது வேறொன்று.

ஐந்தாவது முறை பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, தண்ணீர் எடுக்கப் பின்னறைக்குப் போனாள். தங்கமணி ஒரு பழைய நூல்பெட்டி மேல் உட்கார்ந்து, கையில் போனை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, மேலுக்குச் சொகமில்லையா?"

"அது டெஸ்டிங் இல்ல கண்ணு" என்றார் தங்கமணி. "மைக்கு முன்னால உக்காந்திருந்தேன். போன் வந்துச்சு. எம் பொண்ணு தாரணி. நாலு வயசு. பக்கத்து வீட்டுல வுட்டுட்டு வந்திருந்தேன். எப்பம்மா வருவேன்னு அழுதா. அவளுக்குச் சொன்னது அது. மைக்கு ஆன்ல இருந்திருக்குது. இப்போதைக்கு டெஸ்டிங்குக்கு இது இருக்கட்டும்னு வெச்சுக்கிட்டாங்க."

இசக்கி தண்ணீர்ப் பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"அவளும் அதுதான் பாத்தா, காதுல மாட்டிக்கிட்டு. அம்மா, நீ அதுக்குள்ள இருக்கேன்னு சொல்லுவா. தெனம் சொல்லுவா. டெஸ்டிங்குக்கு எடுத்தது அதுல வரும்னு எனக்குத் தோணல; நான் நம்பலை. பொய் சொல்றேன்னு அடிச்சேன். அப்பறம் பயந்துபோய், மண்டைக்குள்ள கொரலு கேக்குதுன்னு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். ஆறு மாசம் மாத்திரை. ஒரு நாளு, இனிமே கேக்கலைம்மான்னா. அதுக்கப்பறம் எங்கிட்ட அவ எதையுமே சொன்னதில்ல. இப்ப ஆஸ்திரேலியாவுல, பெர்த்துல நர்ஸா இருக்கறா. மாசம் ஒருக்கா போன் பண்ணி, சாப்டியான்னு கேப்பா."

அவர் மகளின் எண்ணை அழுத்தி, போனை ஸ்பீக்கரில் போட்டார். நாலைந்து தடவை அடித்தபிறகு தாரணி எடுத்தாள்.

"என்னம்மா, இந்நேரத்துல? உடம்புக்கு ஒண்ணுமில்லயே?"

"ஒண்ணுமில்ல. தாரணி, நீ சின்னதுல சொல்லுவியே, நான் அதுக்குள்ள இருக்கேன்னு..." தங்கமணி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நெசந்தான் கண்ணு. நான் இருந்தேன். நீ பொய் சொல்லல."

அப்போது கூடத்தில் பாட்டு உச்சிக்கு ஏறி நின்றது; மூடிய கதவைத் தாண்டி நான்காயிரம் பேரின் குரல் மங்கலாக வந்தது.

"அம்மா, அது என்ன சத்தம்?"

இசக்கி போய்க் கதவை அகலத் திறந்தாள். தங்கமணி எழுந்து, போனைக் கூடத்தின் பக்கம் நீட்டிப் பிடித்தார். பேஸ் இறங்கியது, தூசி எழுந்தது, ஆரவாரம் அறைக்குள் வெள்ளமாகப் புகுந்தது.

கொஞ்சம் அடங்கியதும் அவர் போனைத் திரும்ப முகத்தருகே கொண்டுவந்தார். தாரணி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று இசக்கியால் கண்டுபிடிக்க முடியவில்லை. சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"கதவைச் சாத்திராதம்மா. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே புடி."